உயிர்த்தெழுதல் முட்டைகள்: பெட்டியில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

பன்னிரண்டு பிளாஸ்டிக் முட்டைகள், அவற்றை அடுக்க ஓர் அட்டைப்பெட்டி, கூடவே ஒரு சின்னக் கையேடு. ஈஸ்டர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர 'ரெசரெக்‌ஷன் எக்ஸ்' என்று விற்கப்படுவது இதுதான். அமெரிக்காவின் ஃபேமிலிலைஃப் என்ற கிறிஸ்தவ ஊழியம் வெளியிடும் பெட்டி பலருக்கும் தெரிந்தது. அதே அமைப்பில் வேறு பெயர்களிலும் வருகின்றன. பதினொரு முட்டைகளுக்குள் இயேசுவின் பாடுகளின் (துன்பங்கள், மரணம்) வரலாற்றிலிருந்து ஒவ்வொரு பொருள்: கழுதை, வெள்ளிக்காசு, பாத்திரம், ஜெபிக்கும் கைகள், தோல் வார், முள்முடி, ஆணி, பகடை, ஈட்டி, துணி, கல். பன்னிரண்டாவது முட்டை காலி.

வண்ணம் தீட்டக் கொடுக்கும் தாள்களைவிட இது பல மடங்கு மேல். தாளில் பிள்ளைகளின் கவனம் கிரேயானோடு போய்விடும். இங்கே கையில் வந்த பொருள் வசனத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. வாங்கலாம், தாராளமாக. ஆனால் கடையில் வந்தபடியே தமிழ் வகுப்பில் வைத்தால் இரண்டு மூன்று இடங்களில் தடுக்கும்.

முதலில் பகடை. யோவான் 19:24-ஐத் தமிழில் வாசித்துப் பாருங்கள்: சேவகர் இயேசுவின் அங்கிக்காகச் 'சீட்டு' போடுகிறார்கள். காதில் சீட்டு, கையில் பகடை என்றால் பிள்ளை குழம்பும். பகடையை எடுத்துவிட்டு, சுருட்டிய நான்கு துண்டுச் சீட்டுகளைப் போடுங்கள்; ஒன்றில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. ஆடைகளை நாலு பங்காக்கினார்கள் என்று முந்தின வசனம் சொல்வதால் நான்கு என்ற கணக்கும் பொருந்தும். துணிக்கும் இதே கவனம் தேவை. மத்தேயு 27:59-ல் இயேசுவின் உடலைச் சுற்றிய துணிக்கு வரும் 'துப்பட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் இன்றைய பிள்ளைகளுக்குச் சுடிதார் துப்பட்டாதான் நினைவுக்கு வரும். பழைய வெள்ளை வேட்டியில் 5 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிச் சுருட்டி வைத்தால் சுற்றிக் காட்டவும் வசதி. தோல் வாரை மட்டும் மாற்றவே வேண்டாம். 'வாரினால் அடிப்பித்து' என்ற வரிக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது.

அடுத்தது காசு. பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் இருக்கும். இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கியது முப்பது என்று சொன்ன மறுகணமே ஒரு பிள்ளை எண்ணத் தொடங்கிவிடும். ஆபீஸ் பஞ்சிங் மெஷினில் வெள்ளி நிற அட்டையைக் குத்தினால் சுமார் 6 மி.மீ. வட்டங்கள் விழும். சரியாக 30 எண்ணிப் போடுங்கள். இவை ஒரு முட்டைக்குள் தாராளமாக அடங்கும். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எண்ணி முடிக்கும்வரை காத்திருங்கள். அந்த எண்ணிக்கையே பாதிப் பாடம்.

முழுவதையும் வீட்டிலேயே செய்வதானால் சுமார் 6 செ.மீ. நீளமுள்ள, திறந்து மூடும் முட்டைகள் வேண்டும். இரு பாதிகளையும் பிளாஸ்டிக் பட்டை இணைத்திருக்கும் வகை வசதியானது என்றாலும் அந்தப் பட்டைதான் முதலில் ஒடியும். வாங்கியவுடனேயே வெளிப்பக்கம் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். முள்முடிக்கு உண்மையான முள் வேண்டாம்: கருவேல முள்ளும் காகிதப்பூ முள்ளும் சின்ன விரல்களில் ஏறிவிடும். சணல் கயிற்றை மூன்று புரியாகப் பின்னி 3 செ.மீ. வளையமாக்கி, பல்குத்தும் குச்சியின் நடுப்பகுதியை மட்டும் சிறு துண்டுகளாக நறுக்கிச் செருகிப் பசை வையுங்கள். ஆணிக்கு ஒன்றரை அங்குல ஆணி மூன்று போதும். முனைகளை அரத்தால் மழுக்கியபின் மெல்லிய கம்பியால் சிலுவை வடிவில் கட்டுங்கள். கல் பெரிதாக இருந்தால் முட்டை கீழே விழும்போது வெடிக்கும். புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிய கூழாங்கல் போதும்.

முட்டைகளின் நிறத்தை நம்பி வரிசையை வைக்காதீர்கள். கைமாறும்போது மூடிகள் இடம் மாறும், மஞ்சள் பாதி பச்சைப் பாதியோடு போய்ச் சேரும். இரண்டு பாதிகளிலும் மார்க்கரால் எண் எழுதுங்கள்.

இனி காலி முட்டை. பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். பிள்ளைகள் எல்லா முட்டைகளையும் குலுக்கிப் பார்ப்பார்கள்; சத்தமே இல்லாதது எது என்று முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்காக மற்றப் பொருட்களைப் பஞ்சில் பொதிந்து வையுங்கள்: எதுவும் சத்தம் போடாது. இன்னொரு தவறு, பிள்ளை ஏமாந்துபோகுமே என்று அதற்குள் மிட்டாய் போடுவது. தயவுசெய்து போடாதீர்கள். திறந்த பிள்ளை "ஒண்ணுமே இல்லையே அக்கா" என்று சொல்லும். அந்த ஏமாற்றம் அப்படியே நிற்கட்டும். அவசரமாக விளக்கம் சொல்லாமல், அதே பிள்ளையின் கையில் வேதாகமத்தைக் கொடுத்து மத்தேயு 28:6-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். காலியான கல்லறையில் தூதன் சொன்ன 'அவர் இங்கே இல்லை' என்ற வார்த்தையைக் காலி முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பதற்காகத்தான் இந்தப் பெட்டியே இருக்கிறது. மிட்டாயை வகுப்பு முடிந்தபின் தட்டில் வைத்துக் கொடுக்கலாம்.

நாளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நாள் திறப்பது பரவலான வழக்கம். அப்படிச் செய்தால் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமையே தொடங்க வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று இயேசுவைச் சுமந்து போக வேண்டிய கழுதை நான்கு நாள் முன்னதாக எருசலேமுக்குள் போய்விடும். இதைவிட, ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரத்தின் ஓட்டத்திலேயே திறப்பது நல்லது. குருத்தோலை ஞாயிறு கழுதை. யூதாஸை நினைக்கும் புதன்கிழமை காசு. பெரிய வியாழன் இரவு பாத்திரமும் ஜெபிக்கும் கைகளும். பெரிய வெள்ளியன்று வார் முதல் கல் வரை ஏழும். ஏழு முட்டைகளை ஒரே மூச்சில் திறந்தால் சின்னப் பிள்ளைகள் சோர்ந்துவிடும். மும்மணி ஆராதனைக்கு (பெரிய வெள்ளி மதியம் நடக்கும் மூன்று மணி நேர ஆராதனை) முன் மூன்று, மாலையில் நான்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை எதையும் திறக்க வேண்டாம். பிள்ளைகள் கேட்டுக் கேட்டு நச்சரிப்பார்கள். கொடுக்காதீர்கள், கல்லறை மூடிக் கிடந்த நாள் அது. ஞாயிறு காலை பன்னிரண்டாவது.

மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் கையில் இதைத் தரவே கூடாது. காசு, கல், முட்டையின் சிறு பாதி எதுவும் தொண்டையில் சிக்கலாம். நான்கு முதல் ஒன்பது வயதுவரை நன்றாகப் பொருந்தும். அதற்கு மேற்பட்டவர்களுக்கு வெறும் பொருட்களைக் கொடுத்து, வசனத்தை அவர்களையே தேடச் சொல்லலாம். பன்னிரண்டு பேருக்கு ஒரு பெட்டி என்பதுதான் கணக்கு. முப்பது பேர் வகுப்பில் ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு திணற வேண்டாம், இன்னும் ஒன்றோ இரண்டோ வீட்டில் செய்துகொள்ளுங்கள்.

எடுத்து வைக்கும்முன் பொருட்கள் பதினொன்றும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். முதலில் காணாமல் போவது சீட்டுத் துண்டுகள்தான். சணல் முள்முடியையும் தோல் வாரையும் ஒரு நாள் வெயிலில் காயவைத்துத் தனிக் கவரில் போடுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் இரண்டிலும் பூஞ்சை பிடித்துவிடும்.