அனிசோலா, குவையக்காலா, ஃபீனைல்எத்தனாலா: பெட்ரோலில் கலக்க எது தேறும்?

பென்சீன் வளையமும் ஆக்சிஜனும் சேர்ந்த உயிரி எரிபொருள்கள் என்று பேச்செடுத்தால் இந்த மூன்று பெயரும் அடிபடும். என் ஓட்டு அனிசோலுக்கு, ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது.

கையில் கிடைப்பதைப் பார்த்தால் குவையக்கால்தான் முன்னால் நிற்கும். மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருளைக் காற்றில்லாமல் சூடாக்கினால் எளிதாக வெளிவருவது அதுதான். ஆனால் 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், பெட்ரோலின் கடைசிச் சொட்டு ஆவியாவதே ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து என்ஜின் ஆயிலில் இறங்கும் சரக்கை வைத்து என்ன செய்வது? 2-ஃபீனைல்எத்தனால் இன்னும் மோசம், 219 டிகிரி. ஈஸ்ட்டே செய்து தரும், ரோஜா மணம் வீசும், ஆராய்ச்சி ஆக்டேன் எண் (நாக்கிங்கை, அதாவது தீ வந்து சேரும் முன்பே எரிபொருள் தானாக வெடிப்பதைத் தாங்கும் அளவு) 110 வரை போகும், அவ்வளவுதான்.

அனிசோல் 154 டிகிரியில் கொதிக்கிறது, ஆக்டேன் 103. லிட்டருக்கு 33 மெகாஜூல், அதாவது பெட்ரோலுக்குச் சமம். எத்தனாலில் 21தான், மைலேஜ் குறைகிறது என்று புலம்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

சரி, வேதியியலுக்கு வருவோம். அனிசோலில் ஆக்சிஜனுக்கும் மெத்தில் குழுவுக்கும் நடுவிலுள்ள பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 64 கிலோகலோரி போதும். டொலுயீனின் பென்சைல் ஹைட்ரஜனை (வளையத்தில் தொங்கும் மெத்தில் குழுவிலுள்ளது) பிரிக்க 90 வேண்டும். இவ்வளவு சீக்கிரம் உடைகிறது என்றால் நாக்கிங் வரவேண்டுமே, ஏன் வரவில்லை? உடைந்ததும் கிடைக்கும் ஃபீனாக்சி ரேடிக்கல் (இணையாத எலக்ட்ரான் உள்ள துண்டு) ஒத்ததிர்வால், அதாவது அந்த எலக்ட்ரான் வளையத்துக்குள்ளும் பரவுவதால், நிலைபெற்ற சோம்பேறி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதே அபூர்வம். லின் என்ற ஒரே பெயருள்ள இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் அளந்த வேகத்தைப் போட்டுப் பார்த்தால் 1000 கெல்வினில் அது தானாகச் சிதைய 16 மில்லிவினாடி ஆகும். 3000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்று முடிக்கவே 20 மில்லிவினாடிதான், ஆக நாக்கிங் தொடங்கவேண்டிய நேரத்தில் எரிதலின் சங்கிலி வினையை நீட்ட ஆளே இல்லை. ஆனால் சூடு ஏறி 1500 கெல்வினானால் அதே சிதைவு 10 மைக்ரோவினாடியில் முடிந்துவிடும்.

வில்லங்கமும் அங்கேதான். சிதையும்போது ஃபீனாக்சி கார்பன் மோனாக்சைடை உதறிவிட்டு சைக்ளோபென்டாடையீனைல் ஆகிறது, அப்படி இரண்டு சேர்ந்தால் நாப்தலீன், அங்கிருந்து புகைக்கரி. எரிபொருளில் ஆக்சிஜன் இருந்தால் கரி குறையும் என்ற பொதுவிதி இங்கே எடுபடாது, ஏனென்றால் அந்த ஆக்சிஜன் வளையத்தின் ஒரு கார்பனையும் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடுகிறது.

எரிதலைக் கணினியில் கணக்கிட மாடல் எழுதுகிறவர்களுக்கு அனிசோல் பிழைப்பு எளிது. பிரான்சின் நான்சி ஆய்வகம் 2014-இல் 673 முதல் 1173 கெல்வின் வரை ஜெட் ஸ்டர்டு ரியாக்டரில் (வாயுவைத் தாரையாகப் பாய்ச்சிக் கலக்கும் உலை) எடுத்த அளவீடுகள் இருக்கின்றன, ஃபீனால், கிரெசால், பென்சால்டிஹைட் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குவையக்காலுக்கும் அதே ஆய்வகம் 2018-இல் செய்தது, ஆனால் வேக எண்களுக்கு அனிசோலிலிருந்து பாதி, ஃபீனாலிலிருந்து பாதி என்று ஒட்டுப்போட்டு மெக்கானிசம் (வினைகளின் பட்டியல்) கட்டினால் கவிழ்ந்துவிடும். பக்கத்திலேயே ஹைட்ராக்சில் இருப்பதால் மெத்தில் பிணைப்பு 58 கிலோகலோரி அளவுக்கு இறங்குகிறது. 6 கிலோகலோரிதானே என்று தோன்றும், 1000 கெல்வினில் அது 20 மடங்கு வேகம்! அதுபோக, மெத்தாக்சியில் (ஆக்சிஜனும் மெத்திலும் சேர்ந்த குழு) ஒரு ஹைட்ரஜன் போனால் பக்கத்து ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் அங்கே தாவ முடியும், அனிசோலில் இந்த வழியே கிடையாது. ஃபீனைல்எத்தனாலுக்கு பென்சைல் வேதியியல் பெரும்பாலும் டொலுயீனிலிருந்தே கிடைத்துவிடும், நீர் கழன்று ஸ்டைரீன் ஆகும் வழியை மட்டும் கவனமாகச் சேர்க்கவேண்டும்.

குவையக்காலை அப்படியே டேங்கில் ஊற்றுவதைவிட, ஹைட்ரஜன் கொடுத்து ஹைட்ராக்சிலை மட்டும் கழற்றினால் அனிசோலே கிடைக்கும். வினையூக்கி அங்கே நிற்காமல் ஃபீனால், சைக்ளோஹெக்சேன் என்று போய்விடுவதுதான் இப்போதைய தலைவலி.