600இல் வைத்துப் பார்க்காமல் காசைக் கொடுத்த கதை

புதுசு என்று வாங்கின சூம் லென்ஸ் பழுதாக இருந்ததால் கொடுத்த முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது, அதனால் விற்ற கடையின் பெயரை இங்கே போடவில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பறவை, யானை என்று எடுக்க நீளமான சூம் லென்ஸ் தேடித் திரிகிறவர்கள் காசை எண்ணும் முன் இதை ஒருக்கா வாசியுங்கள்.

மே மாதம் குமண பறவைகள் சரணாலயத்துக்குப் போவதாக ஒரு திட்டம். ஏப்ரலில் இருந்து ஜூலை வரை அங்கே பறவைகள் கூடு கட்டும் காலம். என்னிடம் இருந்த 70-300 மி.மீ. சூம் லென்ஸில், வில்லுக்கு (சதுப்புக் குளத்துக்கு) நடுவே மரத்தில் இருக்கும் நாரை ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். கலியாண வீட்டு வேலைக்காசும் சீட்டுக்காசும் சேர்ந்து கையில் கொஞ்சம் இருந்தது. சிக்மா 150-600 கன்டெம்பரரி (600 மி.மீ.தான் அதன் ஆகக் கூடின சூம்), என் நிக்கோன் கமெராவுக்குப் பூட்டுகிறது, "புத்தம் புதுசு" என்று ஒரு கடையின் விளம்பரம். லென்ஸில் பழுதே சொல்ல மாட்டேன். கூட்டாளி ஒருவரிடம் இதே லென்ஸ் இருக்கிறது, வடிவான சாமான். எனக்கு வந்ததுதான் வேறு.

பெட்டியின் சீல் ஏற்கெனவே வெட்டியிருந்தது. கடைக்காரரிடம் கேட்டேன்.

"அது சுங்கத்தில திறந்து பார்த்தவங்க தம்பி. எல்லாப் பெட்டியும் அப்படித்தான் வரும்."

அங்கேயே கிறுகி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடை நீளமே பத்தடி. இந்த லென்ஸ் 2.8 மீற்றருக்குக் கிட்ட இருப்பதைப் போகஸ் பண்ணாது. எட்டி நின்று 150இல் வைத்துச் சுவர்க் கலண்டரை ஒரு படம் எடுத்தேன். கமெராவின் சின்னத் திரையில் எந்தப் படம்தான் வடிவாகத் தெரியாது? வெளியே போய் 600இல் பார்ப்போமா என்றதற்கு, "கடையில ஆளில்ல தம்பி, ஒரு வருச வொரண்டி இருக்குத்தானே" என்றார். கொடுத்துவிட்டேன். பில்லில் எழுதினது இரண்டே சொல்: "லென்ஸ் ஒன்று".

மறுகாதான் வினை. பாலமீன்மடுப் பக்கம் போய் ஆலா என்ற கடற்பறவைகளைப் படம் பிடித்துப் பார்த்தால், படத்தின் வலது பாதி எப்போதும் எண்ணெய் பூசின மாதிரி. முதலில் கையைத்தான் குறை சொன்னேன். இரண்டு கிலோவுக்குக் கிட்ட வரும் பாரம், கை ஆடியிருக்கும் என்று. ஆனால் கை ஆடினால் முழுப்படமும் அல்லவா கலங்க வேண்டும்?

அடுத்த நாள் விடிய ஆறரைக்கே கல்லடிக்குப் போனேன். வெயில் ஏறினால் வாவிக்கு மேலே காற்று நெளியும், எந்த லென்ஸும் மங்கலாகத்தான் காட்டும். கடைக்காரர் அதைச் சாட்டுச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். கரையில் ட்ரைபொட்டை ஊன்றி, 1924இல் திறந்த அந்தப் பழைய இரும்புப் பாலத்தை நேர்பக்கமாக 600இல் எடுத்தேன். இடது பக்கச் சட்டங்களில் ஆணிக் குமிழ்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். வலது பக்கத்தில் குமிழும் இல்லை, சட்டத்தின் ஓரமும் இல்லை. மறுகா லென்ஸின் ட்ரைபொட் வளையத்தைத் தளர்த்தி, லென்ஸோடு கமெராவைத் தலைகீழாகத் திருப்பி அதே இடத்தை எடுத்தேன். நான் சரிந்து நின்றது பிழையென்றால், பாலத்தின் அதே முனைதான் திரும்பவும் மங்க வேண்டும். இப்போது மங்கினது மற்ற முனை. உள்ளே ஒரு கண்ணாடி நடுவை விட்டு விலகியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

களுவாஞ்சிக்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டு போனேன். அவர் படத்தையே பார்க்கவில்லை. லென்ஸைக் கவிழ்த்து, கமெராவில் பூட்டுகிற உலோக வளையத்தின் நாலு ஸ்குரூவையும் காட்டினார். இரண்டின் தலை தேய்ந்து மினுங்கிற்று. பின்பக்கத்தால் டோர்ச் அடித்து முன்பக்கம் பார்க்கச் சொன்னார். ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள். பூஞ்சணம். "விழுந்து, திறந்து, திரும்பப் பூட்டின சாமான்டா இது" என்றார். பெட்டியில் இருக்கும் தொடர் இலக்கத்தையும் லென்ஸில் இருக்கிறதையும் அப்போதுதான் ஒப்பிட்டேன். கடைசி நாலு இலக்கமும் வேறு.

கடைக்குப் போனால் கதை தலைகீழ். "நீங்க விழுத்திப்போட்டு வந்து நிக்கிறீங்க. விழுந்த சாமானுக்கு வொரண்டி இல்ல." தொடர் இலக்கத்தைக் காட்டினால், "பெட்டி மாறியிருக்கும்" என்கிறார். நான் எந்த லென்ஸை வாங்கினேன் என்று பில்லில் ஒன்றுமே இல்லையே! மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறையக் கொடுத்தவன் நான். அந்த இலக்கத்தை எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1977 என்ற முறைப்பாட்டு இலக்கத்துக்குப் போன் எடுத்துக் கேட்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் எடுக்க மாட்டார்கள். பாலத்தின் இரண்டு படங்களையும், தொடர் இலக்கங்கள் இரண்டும் ஒன்றாகத் தெரிய எடுத்த படத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். குமணவுக்கு அந்த 70-300ஓடுதான் போகப் போகிறேன்.

போன கிழமை அதே கடையின் விளம்பரத்தில் இன்னொரு 150-600. பெட்டியின் படம் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள், சீல் பக்கம் தெரியாத மாதிரி. அங்கே வாங்கி இதே மாதிரி மாட்டுப்பட்டவர்கள் யாரும் இருந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள், முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்.