கதவைத் தட்டினால் என்ன கொடுப்பார்கள்? வாட்ஸ்அப், டெலிகிராம், அரட்டை, சிக்னல்

2016-ஆம் ஆண்டின் முதல் பாதியில், அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து சிக்னல் என்னும் செய்திச் செயலியை நடத்துகிறவர்களுக்கு ஓர் ஆணை வந்தது. ஒரு குற்ற விசாரணைக்காக இரண்டு தொலைபேசி எண்களைக் குறிப்பிட்டு, அவற்றுக்கு உரியவர்களின் பெயர், முகவரி, மின்னஞ்சல், பணம் கட்டிய விதம், இணைய (ஐ.பி.) முகவரிகள் என்று நீளமான பட்டியல் கேட்டிருந்தார்கள். ஓர் எண்ணுக்குச் சிக்னலில் கணக்கே இல்லை. இன்னோர் எண்ணைப் பற்றி இருந்தவை இரண்டே தகவல்கள்: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாகச் சர்வரோடு இணைந்த நாள். இரண்டையும் கொடுத்துவிட்டார்கள். கொடுப்பதற்கு வேறெதுவும் அவர்களிடம் இருக்கவில்லை.

எந்தச் செயலி நல்லது என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் இந்த ஆணைதான் நினைவுக்கு வரும். ஸ்டிக்கர் எத்தனை, குழுவில் எத்தனை பேர் சேரலாம், வீடியோ அழைப்பு எவ்வளவு தெளிவு என்று ஒப்பிடும் அட்டவணைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கணக்கில் நான்கு செயலிகளுமே தேறிவிடும். நாளை ஒரு ஆணை வந்தால், அல்லது ஒரு திருடன் உள்ளே நுழைந்தால், அல்லது நிறுவனமே கைமாறினால், நம்முடையது அங்கே என்னென்ன கிடக்கும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அனுப்புகிறவர் கைப்பேசியிலேயே பூட்டி, பெறுகிறவர் கைப்பேசியில் மட்டும் திறக்கும் முறையை எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் என்கிறார்கள். அதை இங்கே முழுப்பூட்டு என்றே எழுதுகிறேன். நடுவில் இருக்கும் நிறுவனத்திடம் இதற்குச் சாவி கிடையாது.

வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்குவோம். யாஹூவில் வேலை பார்த்த ஜான் கூம், பிரையன் ஆக்டன் இருவரும் 2009-இல் தொடங்கியது அது. 'விளம்பரம் இல்லை, விளையாட்டு இல்லை, வித்தை இல்லை' என்ற பொருளில் ஆக்டன் கைப்பட எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கூம் தன் மேசையில் ஒட்டிவைத்திருந்தார். அது வெறும் பேச்சாக இருக்கவில்லை. பயனரிடம் ஆண்டுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு, விளம்பரம் போடாமல் நடத்திக் காட்டினார்கள். 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் விலை பேசியபோது வாட்ஸ்அப்பில் ஏறத்தாழ 55 ஊழியர்கள், 45 கோடிப் பயனர்கள். 2017-இல் ஆக்டனும் 2018-இல் கூமும் வெளியேறினார்கள். பங்குகள் முழுதாகக் கைக்கு வருமுன்பே வெளியேறியதால் ஆக்டன் விட்டுக்கொடுத்த பங்குகளின் மதிப்பு ஏறத்தாழ 85 கோடி டாலர். 2025 ஜூனில், வாட்ஸ்அப்பின் அப்டேட்ஸ் பக்கத்துக்கு விளம்பரம் வருவதாக மெட்டா (ஃபேஸ்புக் நிறுவனத்தின் இப்போதைய பெயர்) அறிவித்தது. அந்தச் சீட்டை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. சீட்டு ஒட்டியிருந்த மேசை வேறொருவருக்குப் போய்விட்டது.

வாட்ஸ்அப் செய்த பெரிய நன்மையையும் சொல்லியாக வேண்டும். 2016 ஏப்ரலில், சிக்னல் உருவாக்கிய அதே பூட்டு முறையை எடுத்து, எல்லாப் பயனர்களுக்கும், எல்லாச் செய்திகளுக்கும், யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தத் தேவையில்லாமல் கொண்டுவந்தார்கள். என் பாட்டி கூட, தனக்கே தெரியாமல், உலகின் தலைசிறந்த பூட்டுகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு பேசினார். இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்ற 2021-ஆம் ஆண்டு இந்திய விதியை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதும், பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போக வேண்டியிருக்கும் என்று 2024 ஏப்ரலில் அங்கே வாதிட்டதும் இதே வாட்ஸ்அப்தான்.

ஆனால் கடிதம் பூட்டியிருக்கிறது, உறை பூட்டியிருக்கவில்லை. உரிய ஆணையோடு போனால், கண்காணிக்கப்படுகிறவர் யாருக்குச் செய்தி அனுப்பினார், யாரிடமிருந்து பெற்றார் என்ற விவரத்தை வாட்ஸ்அப் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தரும் என்று எஃப்.பி.ஐ.யின் 2021 ஜனவரி பயிற்சிக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அந்த ஆண்டிலேயே அது வெளியில் வந்தது. உள்ளடக்கம் இல்லையே, போகட்டும் என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. இரவு 11 மணிக்கு ஒருவர் கடன் கொடுத்தவருக்கு மூன்று செய்தி, பிறகு வக்கீலுக்கு ஒன்று, பிறகு ஊரில் இருக்கும் அண்ணனுக்கு ஒன்று அனுப்புகிறார். அவர் என்ன எழுதினார் என்று படித்துப் பார்க்க வேண்டுமா என்ன?

இதோடு பேக்கப் சேர்கிறது. கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ ஏறி உட்காரும் பழைய செய்திகளுக்கு முழுப்பூட்டு போடும் வசதி 2021 அக்டோபரில்தான் வந்தது. அதையும் நாமே தேடிப்போய் இயக்க வேண்டும். பலர் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வாசல் கதவுக்கு நல்ல பூட்டு, கொல்லைப்புறம் வெறும் கொக்கி.

டெலிகிராம் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். பாதுகாப்பாகப் பேச வேண்டுமா, டெலிகிராமுக்கு வா என்று சொல்லும் நண்பர்கள் எல்லோருக்கும் இருப்பார்கள். அந்தப் பெயரை அது எப்படிச் சம்பாதித்தது என்பதும் தெரிந்ததே. டெலிகிராமைத் தொடங்கிய பாவெல் துரோவ், ரஷ்யாவில் தான் முன்பு தொடங்கிய விகே என்ற சமூக வலைத்தள நிறுவனத்தைப் பறிகொடுத்துவிட்டு 2014-இல் நாட்டைவிட்டு வெளியேறியவர். 2018-இல் ரஷ்யா டெலிகிராமை முடக்கப் பார்த்தது, முடியவில்லை, 2020-இல் தடையை நீக்கிக்கொண்டது. கதை வீரமானதுதான். பூட்டு எங்கே? டெலிகிராமில் சாதாரணமாகத் தொடங்கும் உரையாடலுக்கு முழுப்பூட்டு கிடையாது. எல்லாம் அவர்களுடைய சர்வரில் இருக்கிறது. சாவியும் அவர்களிடமே இருக்கிறது. 'ரகசிய உரையாடல்' என்று தனியாக ஒன்று உண்டு. ஒவ்வொருவரோடும் மெனுவுக்குள் போய்த் தனித்தனியாகத் தொடங்க வேண்டும். குழுக்களுக்கு அது இல்லவே இல்லை. இரண்டு லட்சம் பேர் வரை சேரக்கூடிய குழுக்களை வைத்துக்கொண்டு இப்படி.

2024 ஆகஸ்ட் 24 அன்று பாரிஸ் அருகே லெ பூர்ஷே விமான நிலையத்தில் துரோவ் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே, முறையான சட்டக் கோரிக்கை வந்தால் விதிகளை மீறுகிறவர்களின் இணைய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கொடுப்போம் என்று டெலிகிராம் தன் விதிமுறைகளை மாற்றிக்கொண்டது. குற்றவாளியைப் பிடிக்க உதவுவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஒருவர் மனம் வைத்தால் கொடுக்கலாம், மனம் மாறினால் நிறுத்தலாம் என்ற நிலையில் நம் பேச்சு இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்காக டெலிகிராமை நான் நீக்கிவிடவில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள்: பழைய வினாத்தாள், நடப்பு நிகழ்வுகள், சமச்சீர்ப் பாடநூல் பி.டி.எஃப். என்று அவர்களுடைய நூலகமே அங்கே இருக்கிறது. 2 ஜி.பி. வரை கோப்பு அனுப்பலாம், கைப்பேசியில் தொடங்கியதைக் கணினியில் தொடரலாம், நேற்றுச் சேர்ந்தவரும் முந்தைய ஆண்டின் பாடங்களைப் பார்க்கலாம். ஊர்ப் பொதுப் பலகையாக அதற்கு இணை இல்லை. பலகையில் சொந்தக் கடிதத்தை ஒட்டாமல் இருந்தால் போதும்.

அரட்டையைப் பற்றி எழுதும்போது என் மனம் ஒரு பக்கம் சாய்வதை மறைக்க மாட்டேன். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்து, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்து மென்பொருள் எழுதும் ஸோஹோ நிறுவனம், தன் செயலிக்கு ஆங்கிலப் பெயர் தேடாமல் 'அரட்டை' என்று வைத்தது. திண்ணையிலும் டீக்கடையிலும் நாம் புழங்கும் சொல் டெல்லியிலும் மும்பையிலும் செயலிப் பட்டியலின் உச்சியில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. 2021-இலேயே வெளிவந்த செயலி அது. 2025 செப்டம்பர் கடைசியில் மத்திய அமைச்சர்கள் சுதேசிச் செயலி என்று பரிந்துரைத்ததும் அலை எழுந்தது. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் 3,50,000 பேர் சேரத் தொடங்கினார்கள் என்று ஸோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சொன்னார்.

அந்த 3,50,000 பேர் உள்ளே நுழைந்த நாளில், அரட்டையில் அழைப்புகளுக்கு முழுப்பூட்டு இருந்தது. சாதாரண எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. விமர்சனம் கிளம்பியது, அதன் பிறகே தனி உரையாடல்களுக்குக் கொண்டுவரும் வேலை வேகம் பிடித்தது. இந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. வீடு கட்டும்போதே கதவு நிலையை நிறுத்த வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு ஆட்கள் வந்த பிறகு தச்சரைக் கூப்பிடக் கூடாது. உங்கள் தகவலை விற்க மாட்டோம் என்று ஸோஹோ சொல்வதை நான் நம்புகிறேன். அவர்களுடைய இத்தனை ஆண்டு நடத்தை அதற்குச் சாட்சி. ஆனால் ஜான் கூமின் மேசைச் சீட்டையும் ஒரு காலத்தில் நான் நம்பினேன். நல்லவர்கள் நடத்துகிறார்கள் என்பது இன்றைய நிலைமை. பூட்டு இருந்தால், நாளை யார் நடத்தினாலும் கவலையில்லை. குழு உரையாடல் உட்பட எல்லாவற்றுக்கும், யாரும் கேட்காமலே முழுப்பூட்டு இருக்கும் செயலியாக அரட்டை நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். நம்முடையது என்பதால் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள எனக்கு மனமில்லை. நம்முடையது என்பதாலேயே இன்னும் கறாராகக் கேட்கத் தோன்றுகிறது.

வேம்பு சொன்ன இன்னொன்று இந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. யு.பி.ஐ. போல, மின்னஞ்சல் போல, செய்திச் செயலிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றார் அவர். கூகுள் பே வைத்திருக்கும் நான் போன்பே வைத்திருக்கும் காய்கறிக்காரருக்குப் பணம் அனுப்புகிறேன். அவர் என் செயலிக்கு மாற வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் வழியாக இந்தக் கடமையை வாட்ஸ்அப் மீது சுமத்தியிருக்கிறது. இந்தியாவில் இந்தக் கோரிக்கையை எழுப்பச் சரியான ஆள் வேம்புதான். ஒரு அமைச்சரின் பரிந்துரையைவிட இது அரட்டைக்கு நூறு மடங்கு உதவும்.

ஏனென்றால் நல்ல பூட்டு மட்டும் போதாது என்பதை நான் வீட்டிலேயே பார்த்தேன். 2021 ஜனவரியில், வாட்ஸ்அப்பின் புதிய தனியுரிமைக் கொள்கை பற்றிப் பெரிய கொந்தளிப்பு. (அந்தக் கொள்கைக்காகவே 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.) எலான் மஸ்க் 'சிக்னலைப் பயன்படுத்துங்கள்' என்று இரண்டே சொல்லில் பதிவிட, உலகமே அங்கே பாய்ந்தது; ஜனவரி 15 அன்று கூட்டம் தாங்காமல் சிக்னல் முடங்கியது. நானும் போகி அன்று எங்கள் குடும்பக் குழுவைச் சிக்னலுக்கு மாற்றக் கிளம்பினேன். 31 பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். மறுநாள் பொங்கல். காரைக்குடிப் பெரியம்மா விடியற்காலையில் போட்ட பொங்கல் பானைக் கோலத்தின் படம் பழைய குழுவில்தான் வந்தது. ஒன்பது பேரும் அங்கேயே பார்த்தோம், அங்கேயே வாழ்த்துச் சொன்னோம். சிக்னல் குழுவில் என்னுடைய 'எல்லோரும் வந்துவிட்டீர்களா?' மட்டும் இன்னும் கடைசிச் செய்தியாக இருக்கிறது. அப்போது இந்தியாவில் மட்டும் வாட்ஸ்அப் பயனர்கள் 53 கோடி என்று அரசே கணக்குச் சொன்னது. பெரியம்மா எங்கே இருக்கிறாரோ அங்கேதான் குடும்பம் இருக்கும்.

ஆனாலும் என் தேர்வு சிக்னல்தான். அது யாருக்கும் விற்க முடியாத அறக்கட்டளை. 2018-இல் அதற்கு முதல் 5 கோடி டாலரைக் கொடுத்தவர், வாட்ஸ்அப்பைவிட்டு வெளியேறிய அதே பிரையன் ஆக்டன். செலவுக் கணக்கையும் திறந்து வைக்கிறார்கள். 2025-க்குள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி டாலர் தேவைப்படும் என்று 2023 நவம்பரில் எழுதினார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சரிபார்ப்பு எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்ப மட்டும் ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் செலவாகிறதாம். இது நன்கொடையில் ஓடுகிறது என்பது அதன் பலவீனமும்கூட. கொடுக்கிறவர்கள் நிறுத்தினால் நின்றுவிடும். நான் மாதாமாதம் ஒரு சிறு தொகை அனுப்புகிறேன், கேபிள் டிவிக்குக் கட்டுவதைவிடக் குறைவு.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, பெற்றோர் குழு ஒன்றில் சேர்ந்ததால் தன் எண் நாற்பது அந்நியர் கைக்குப் போய்விட்டது என்று வருந்துவார். 2024 பிப்ரவரியிலிருந்து சிக்னலில் எண்ணைக் காட்டாமல் பயனர் பெயர் மட்டும் கொடுத்துப் பேசலாம். அவரைப் போன்றவர்களுக்கு இது சின்ன வசதி இல்லை. எந்தப் பூட்டும் தவறான ஆளை உள்ளே விடுவதைத் தடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: 2025 மார்ச்சில் ஏமன் தாக்குதலைப் பற்றி அமெரிக்க உயர் அதிகாரிகள் பேசிய சிக்னல் குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியரைச் சேர்த்துவிட்டார்கள், அவர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே வக்கீல், மருத்துவர், பணம், மனதுக்கு நெருக்கமானவர்கள் என்றால் எனக்குச் சிக்னல். பாடக்குறிப்புக்கு டெலிகிராம். அரட்டையைக் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் என்ன மாறியிருக்கிறது என்று ஆவலோடு பார்க்கிறேன். குடும்பம் வாட்ஸ்அப்பில்தான். அதனால் போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாவின் கைப்பேசியை வாங்கி, செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று உள்ளே போய், கடைசியில் இருந்த முழுப்பூட்டை இயக்கினேன். கடவுச்சொல் கேட்டது. மறந்தால் பழைய செய்தி எதுவும் திரும்பக் கிடைக்காது என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்து, தானே ஒன்றைத் தட்டிவிட்டு, கேஸ் நம்பரும் மின் இணைப்பு எண்ணும் எழுதியிருக்கும் பழைய டைரியை எடுத்து, கையால் மறைத்துக்கொண்டு அதில் குறித்துவைத்தார். எனக்குக்கூடக் காட்டவில்லை.