பரம்பும் பலுகும்: சின்ன டிராக்டரோடு நாலு வருஷம்

பர்மாவில், பெகுவுக்கு வடக்கே எங்களுக்கு நாலு ஏக்கர். மழைக்கு நெல், அறுத்த கையோடு உளுந்து. இங்கே அதற்கு மட்பே என்று பெயர். விளைவதில் பெரும்பகுதி கப்பலேறி இந்தியாவுக்குத்தான் போகிறது. யார் வீட்டு இட்லியில் எங்கள் வயல் இருக்கிறதோ!

நெல்லைக் கையால் அறுத்த காலத்தில் வயல் அறுப்புக்குப் பிறகும் ஓரளவு சமமாகவே கிடக்கும். இப்போது ஆள் கிடைப்பதில்லை, பெல்ட் வண்டி வந்து அறுக்கிறது. ஈரம் காயாத வயலில் அது திரும்பும் இடமெல்லாம் சாண் ஆழத்துக்குத் தடம். களிமண்ணாச்சே, காய்ந்தால் செங்கல். அதில் தப்பித் தவறி ஒரு மழை பெய்துவிட்டால் தடத்தில் நிற்கும் தண்ணீரில் உளுந்து மஞ்சளடித்து அழுகிவிடும். 2021 கடைசியில் நான் பலுகு (கட்டி உடைத்து மண்ணை நிரவ வண்டிக்குப் பின்னால் இழுக்கும் பல் சட்டம்) செய்யப் போனது இதற்காகத்தான்.

டிராக்டர் ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்தது, 24 குதிரைத் திறன். பலுகு லாரிப் பட்டறையில் செய்தது. அஞ்சடி நீள ஆங்கிள் கம்பி மூன்று, ஒவ்வொன்றிலும் பல், ஒன்றுக்கொன்று சங்கிலியால் பிணைப்பு. எடை 45 வீசை, கிலோவில் சுமார் 73. (இங்கே ஒரு வீசை 1.63 கிலோ. ஆங்கிலேயர் இதை 'விஸ்' என்று எழுதியதும் நம் வீசையைக் கேட்டுத்தான்.) பற்களைச் சற்றுச் சாய்த்து வைக்கச் சொன்னேன். ஒரு பக்கமாக இழுத்தால் மண்ணைக் குத்திக் கிளறும், திருப்பிப் போட்டு மறுபக்கமாக இழுத்தால் வழுக்கிக்கொண்டே தடவும். இது மட்டும் முதல் நாளிலிருந்து நான் நினைத்தபடி வேலை செய்தது.

பல்தான் படுத்திவிட்டது. முதலில் கட்டடக் கம்பியை வெட்டி ஒட்டினார்கள். ஒரே பருவத்தில் எல்லாம் கொக்கி மாதிரி வளைந்துவிட்டன. அடுத்து லாரியின் வில்பட்டையை வெட்டி வெல்டு வைத்தார்கள். பட்டை நல்ல இரும்புதான், ஆனால் வெல்டின் சூடு பட்ட இடத்தில் மொறுமொறுப்பாகி அங்கேயே ஒடிகிறது. ஒடிந்த பல் ஒன்று மண்ணுக்குள் கிடந்து முன் டயரைக் கிழித்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. இப்போது ஆங்கிளில் துளை போட்டு, தடித்த சதுரக் கம்பியை நட்டுப் போட்டு முறுக்கியிருக்கிறேன். தேய்ந்தால் கழற்றி மாற்றிவிடலாம். தினமும் வேலை முடிந்ததும் பற்களை எண்ணிவிடுவேன்.

இன்னொரு தடவை உயிரே போயிருக்கும். பலுகு முன்பக்கம் தூக்கியபடி வரட்டும் என்று சங்கிலியை மேலே, டாப் லிங்க் (கருவிகளைப் பிடிக்கும் மேல் கம்பி) மாட்டும் இடத்தில் கட்டினேன். ஒரு கட்டியில் பலுகு மாட்டிக்கொள்ள, டிராக்டரின் முன் சக்கரம் இரண்டும் மெதுவாக எழும்பின. கிளட்சை மிதித்ததால் பிழைத்தேன். இழுவை எப்போதும் கீழே, டிராபார் என்கிற இழுவைக் கம்பியில்தான். சங்கிலியும் குட்டையாக இருக்கக்கூடாது. வரப்போரம் ஒடித்துத் திரும்பியதில் பலுகின் மூலை பின் டயரின் பட்டையில் மாட்டி மேலே ஏறிவிட்டது. கழற்ற அரை நாள். அதற்குப் பிறகு ஏழடிச் சங்கிலி, அகலமான திருப்பம்.

முதல் வருஷம் தடத்தின் போக்கிலேயே ஓட்டினேன். பலுகும் சமர்த்தாகப் பள்ளத்தில் இறங்கி, மேட்டில் ஏறி, தடம் எப்படியோ அப்படியே போய் வந்தது! பக்கத்து வயல் ஊலே வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். மாடு கட்டி 'துன்' (பர்மியப் பலுகு) ஓட்டிப் பழகிய மனிதர். கையைக் குறுக்கே சாய்த்துக் காட்டினார், அவ்வளவுதான். இப்போது கொக்கிக் கலப்பையால் ஒரு தடவை நெகிழ்த்திவிட்டு, பலுகைத் தடத்துக்குக் குறுக்குச் சாய்வாக ஓட்டி, இரண்டாவது தடவை எதிர்ச்சாய்வில் போகிறேன். மேட்டுக் கரை உடைந்து பள்ளத்தில் விழுகிறது.

வேகம் முக்கியம். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போதும்; அதற்கு மேல் போனால் பலுகு துள்ளித் துள்ளிப் புதிதாக அலை போடுகிறது. இரண்டு தடவை ஓட்ட ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். டீசல் ஒரு கேலனுக்குக் கொஞ்சம் குறைவு.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் பதம். மண்ணை ஒரு பிடி எடுத்து உருண்டை பிடித்து இடுப்புயரத்திலிருந்து போடுவேன். ஒட்டிக்கொண்டே கிடந்தால் காத்திருக்கவேண்டும். உதிர்ந்தால் அன்றைக்கே வண்டியை எடுக்கவேண்டும். உருண்டையே பிடிக்க வரவில்லையா, நாள் தவறிவிட்டது. எங்கள் களிமண்ணில் இந்தப் பதம் நாலைந்து நாளுக்கு மேல் நிற்பதில்லை. இரண்டாவது வருஷம் கல்யாண வீட்டுக்கு ரங்கூன் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்தேன். அந்த வருஷம் பலுகு கட்டிகளை உடைக்கவில்லை, இடம் மாற்றி வைத்தது.

பலுகு மட்டும் போட்டால் மேலே கோடு கோடாக நிற்கும். மாமனார்தான் சொன்னார்: "மாப்பிள்ளை, பின்னாடி ஒரு பரம்பு கட்டுங்க." பரம்பு என்றால் மண்ணைத் தடவி மட்டமாக்கும் கட்டை. பழைய ரயில் தண்டவாளக் கட்டை ஒன்று கிடைத்தது, பியின்கடோ மரம், இரும்புக்குச் சமம். அதைப் பலுகுக்குப் பின்னால் கட்டியதும் வயல் மெழுகிய வாசல் மாதிரி ஆனது. சின்ன வயதில் மாமா மாட்டுப் பரம்பில் ஏறி நின்று போனவராம். இதிலும் ஏறப் பார்த்தார். ஏற விடவில்லை, கோபித்துக்கொண்டார். கனம் வேண்டுமென்றால் மணல் மூட்டை இருக்கிறது.

சரி, வயல் மட்டமாகிவிட்டதா? இல்லை. பலுகு மேல் மண்ணில் இரண்டு மூன்று அங்குலத்தைத்தான் நகர்த்தும். வடகிழக்கு மூலையில் முழங்காலளவு தாழ்வு உண்டு, நாலு வருஷம் இழுத்தும் அது அப்படியே இருக்கிறது. நெல் வயலில் தண்ணீர் வடியும்போது கடைசியாக நிற்கும் இடங்களில் குச்சி நட்டு வைத்திருக்கிறேன். இந்தத் தையில் உளுந்து எடுத்ததும், பின்பிளேடு உள்ள பெரிய வண்டிக்குச் சொல்லி, தெற்கு மேட்டை வெட்டி அங்கே தள்ளவேண்டும்.