வேனில் குடியிருப்பவர்கள் கவனத்துக்கு: ஒரு வொர்க்ஷாப்பில் 94,000 ரூபாய் போன கதை

ஓசூரில் ஒரு மெக்கானிக் ஷெட் வாசலில், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். கை இன்னும் நடுங்குகிறது. 94,000 ரூபாய். அது மொத்தமாகப் போய்விட்டது என்று நேற்று மாலைதான் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், ஆறிவிட்டால் நானே "சரி விடு, போனது போச்சு" என்று விட்டுவிடுவேன், அந்த ஆளும் அடுத்து வருகிறவர்களுக்கு இதையேதான் செய்வார். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நானும் என் கணவரும் இரண்டு வருடமாக ஒரு பழைய டெம்போ டிராவலரில் குடியிருக்கிறோம். 2014 மாடல். கரூரில் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கொடுத்து உள்ளே கட்டில், சின்ன அடுப்படி, 120 லிட்டர் தண்ணீர் டேங்க், மேலே இரண்டு சோலார் பேனல் எல்லாம் வைத்துக்கொண்டோம். இருவருக்குமே லேப்டாப்பில்தான் வேலை. சென்னையில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து அட்வான்ஸையும் வாங்கியாகிவிட்டது. அதாவது இந்த வண்டி நின்றால் எங்களுக்குப் படுக்க இடம் கிடையாது. எங்களுக்கு நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது.

போன மாதம் 6ஆம் தேதி சேலத்திலிருந்து கிளம்பி தர்மபுரி பக்கம் போய்க்கொண்டிருந்தோம். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்தபோது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டியது. ஏசியை அணைத்தோம். முள் இறங்கவில்லை. கூலன்ட் கொதிக்கும்போது ஒரு இனிப்பான வாடை வரும், அது உள்ளே வர ஆரம்பித்தது, அப்புறம் சைலன்சரில் வெள்ளைப் புகை. ஓரம் கட்டி நிறுத்தினோம். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன என் கணவரை நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். சூட்டோடு திறந்தால் கொதிக்கிற தண்ணீர் அப்படியே முகத்தில் அடிக்கும். 1033க்குப் போன் செய்தோம், தேசிய நெடுஞ்சாலை உதவி எண், கிரேன் வந்து வண்டியை வளைவிலிருந்து இழுத்துப் பாதுகாப்பான இடத்தில் விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

அங்கிருந்த டீக்கடையில் விசாரித்ததில், கொஞ்ச தூரத்தில் ஒரு டீசல் வொர்க்ஷாப் இருக்கிறது என்றார்கள். பெயர் போடப் போவதில்லை. நெடுஞ்சாலையோரம், தகர ஷெட், முன்னால் நாலைந்து லாரி, மேப்பில் பார்த்தால் நிறைய நட்சத்திரம். அந்த மாதிரி இடம்.

ஓனருக்கு ஐம்பது வயது இருக்கும். வண்டிக்குள் ஏறிப் பார்க்க வந்தவர், படியில் கால் வைக்கும் முன் செருப்பைக் கழற்றினார். நாங்கள் சொல்லவே இல்லை. "வீடு மாதிரி வெச்சிருக்கீங்க தங்கச்சி, செருப்போட ஏறக் கூடாது" என்றார். அவருடைய அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயிலில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வந்த எங்களுக்கு அந்த ஆள் சொந்த அண்ணன் மாதிரி தெரிந்தார். இத்தனை நாளில் திரும்பத் திரும்ப அந்தக் கழற்றிப் போட்ட செருப்புதான் நினைவுக்கு வருகிறது. அதைப் பார்த்த நிமிடமே இந்த ஆள் ஏமாற்ற மாட்டார் என்று நானாக முடிவு செய்துவிட்டேன்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பது எங்களுக்கே தெரிந்தது, ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு) போயிருக்கும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆனால் அவர், "கேஸ்கட்டோட நிக்கல சார், பிஸ்டன் பிடிச்சிருக்கு, முழு இன்ஜினும் இறக்கணும், போர் போட்டு பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு போட்டாத்தான் நீங்க தைரியமா ஊர் சுத்தலாம்" என்றார். பிஸ்டன் பிடித்தது என்றால் சூட்டில் சிலிண்டருக்குள் இறுகிவிட்டது என்று அர்த்தம், போர் போடுவது என்றால் சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து எடுப்பது. அப்போது ஹெட்டைக்கூடக் கழற்றவில்லை! திறக்காமலேயே பிஸ்டன் பிடித்தது எப்படித் தெரியும் என்று என் கணவர் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "உங்க வீட்டுல கை வைக்கிறோம் தங்கச்சி, அரைகுறையா செய்ய மாட்டேன்" என்ற ஒரு வார்த்தை எங்கள் வாயை அடைத்துவிட்டது.

அன்றைக்கே சாமான் வாங்க 40,000 அனுப்பச் சொன்னார். யுபிஐயில் வந்த பெயர் அவர் பெயர் இல்லை, மச்சானுடைய நம்பர் என்றார். அனுப்பினோம். ஐந்தாவது நாள், லேத்தில் வேலை முடிந்தது, வாட்டர் பம்பும் புதுசு போடணும், 30,000 என்றார். அனுப்பினோம். கடைசி நாள் சாவி கொடுக்கும் முன் 24,000. கூட்டிப் பாருங்கள், 94,000 ரூபாய். பில் என்று கொடுத்தது ஒரு கோடு போட்ட நோட்டுத் தாள். ஜிஎஸ்டி நம்பர் இல்லை, கடை முத்திரை இல்லை.

நான்கு நாளில் முடியும் என்றது 19 நாள் ஆனது. இதைத்தான் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. கார் ரிப்பேர் என்றால் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகலாம். எங்கள் வீடே அந்த ஷெட்டுக்குள் இருக்கிறது. முதல் இரண்டு இரவு வண்டியிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னார், இன்ஜினை இறக்கியதும் ராத்திரியில் ஆள் இருக்கக் கூடாது என்று கேட்டைப் பூட்டிவிட்டார். தினம் 800 ரூபாய் லாட்ஜில் 17 இரவு. தகரக் கூரைக்கு அடியில் நின்றதால் பேனலில் வெயில் படவில்லை, பேட்டரி இறங்கி ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது, மாவு, தயிர், மாமியார் கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பு எல்லாம் கெட்டு நாறியது. ஒரு மாற்றுத் துணி எடுக்க வேண்டும் என்றாலும் அவர் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். என் ஆபீஸ் மீட்டிங்கை லாட்ஜ் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன், அங்குதான் சிக்னல் கிடைத்தது.

தினமும் ஒரு காரணம். லேத்தில் கரண்ட் இல்லை. பையன் லீவு. சாமான் சென்னையிலிருந்து பார்சலில் வருகிறது. டீசல் பீச்சும் நோசில் கலிப்ரேஷனுக்கு, அதாவது அளவு சரிபார்க்க, போயிருக்கிறது. அமாவாசை, இன்றைக்கு இன்ஜின் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. கொஞ்சம் குரலை உயர்த்தினால், "அப்ப வண்டிய எடுத்துட்டுப் போங்க சார்" என்பார். இன்ஜின் தரையில் பிரித்துக் கிடக்கும்போது எப்படி எடுத்துப் போவது? எங்களால் போக முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பாய், தலையணை, அடுப்பு எல்லாம் அவர் பூட்டுக்குள் இருந்தது.

பழைய பிஸ்டனையும் பம்பையும் கொடுங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சு தங்கச்சி" என்றார்.

25ஆம் தேதி வண்டி கைக்கு வந்தது. இன்ஜின் பளபளவென்று வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தது. உள்ளே ஏறினேன், பாயில், கட்டில் வரைக்கும், கருப்பு கிரீஸில் செருப்புக் கால் தடம். யார் ஏறினார்களோ தெரியாது. அதைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் வீடு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் எதுவும் கேட்காமல் கிளம்பிவிட்டோம்.

100 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. புது பிஸ்டன் என்று சொன்னதால் 50க்கு மேல் போகவே இல்லை. கிருஷ்ணகிரி தாண்டி, சூளகிரி நெருங்கும்போது மறுபடியும் அதே முள், அதே வாடை, அதே வெள்ளைப் புகை.

போன் செய்தேன். முதல் தடவை எடுத்தார். "ஏசி போட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "வேகமா ஓட்டியிருப்பீங்க." இல்லை என்றேன். கடைசியில் சொன்னார், "வண்டி மேல ஒரு வீட்டையே ஏத்தி வெச்சிருக்கீங்க, இந்த வெயிட்டுக்கு எந்த இன்ஜினும் தாங்காது, இதுக்கெல்லாம் கேரன்டி கிடையாது." 19 நாளும் அதே வீடுதான் அவர் கண் முன்னால் நின்றது, 94,000 வாங்கும்போது அந்த வெயிட் தெரியவில்லையா? இரண்டாவது தடவை ஷெட்டில் வேலை செய்யும் பையன் எடுத்து அண்ணன் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றான். அப்புறம் சுவிட்ச் ஆஃப். மச்சான் நம்பருக்குப் போட்டால், "நான் பணம் வாங்கிக் கொடுத்தது மட்டும்தான், வொர்க்ஷாப் பத்தி எனக்குத் தெரியாது" என்று வைத்துவிட்டார்.

4,500 கொடுத்து ஓசூருக்கு இழுத்து வந்தோம். இங்கே ஒரு வயதான மெக்கானிக். எங்களைப் பக்கத்தில் நிற்கவைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். முதலில் வாட்டர் பம்ப். நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார், வெள்ளிப் பெயின்ட் உரிந்து அடியில் துரு. பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே சீல் போனால் அது வழியாகத்தான் தண்ணீர் சொட்டும். அந்த ஓட்டையிலிருந்து கூலன்ட் ஒழுகிக் காய்ந்த கோடு பழசாக, பெயின்டுக்கு அடியிலேயே இருந்தது. அதாவது நாங்கள் தொப்பூரில் நின்றதே இந்தப் பம்பால்தான். அதே பம்ப்பைப் பெயின்ட் அடித்து மாட்டி, புதுசு என்று காசு வாங்கியிருக்கிறார்.

அப்புறம் ஹெட்டை இறக்கினார். கேஸ்கட் மட்டும் மாற்றியிருக்கிறார்கள், அதுவும் மட்டமான கேஸ்கட், ஓரமெல்லாம் பேஸ்ட் அப்பி. டார்ச் அடித்து சிலிண்டருக்குள் காட்டினார். "இங்க பாருங்கம்மா, போர் போட்டு ஹோனிங் பண்ணா உள்ள குறுக்குக் குறுக்கா கோடு புதுசா தெரியும். இது கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கு." ஹோனிங் என்றால் போர் போட்ட சுவரைக் கல்லால் தேய்ப்பது. போர் போட்டால் சிலிண்டர் அகலமாகும், அதற்கு ஓவர்சைஸ் பிஸ்டன்தான் போட வேண்டும், அதன் தலையில் அந்த அளவு அடித்திருக்கும். எங்கள் பிஸ்டனில் ஸ்டாண்டர்டு அளவுதான், கரியைச் சுரண்டித் துடைத்துவிட்டிருந்தார்கள், ஓரத்தில் கரி அப்படியே இருக்கிறது. பிஸ்டன் பிடித்ததற்கான கீறல் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கே பம்ப், கேஸ்கட், ஹெட் ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சமமாக இழைப்பது) மூன்றும் செய்திருந்தால் 22,000க்குள் முடிந்திருக்கும் என்றார் அவர். நான் ஷெட்டுக்கு வெளியே வந்து அழுதேன். 94,000 ரூபாய், எங்கள் ஆறு மாத டீசல் காசு அது.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். வேலை சரியில்லை என்பது சிவில் மேட்டர், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்கள் என்று மனுவைக்கூட வாங்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் வேனில் இருக்கும் எங்களுக்கு எது மாவட்டம்? ஆதாரிலும் ஆர்சியிலும் மாமியார் வீட்டு முகவரிதான் இருக்கிறது, அங்கேதான் போடப் போகிறோம். இன்ஷூரன்ஸில் கேட்டதற்கு, விபத்து இல்லாமல் தானாகப் பழுதானதற்கு வராது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், ஆனால் உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெட்டைக் கழற்றிக் கண்ணில் காட்டாமல் "முழு இன்ஜின்" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள், இன்னொரு இடத்துக்கு இழுத்துப் போகிற செலவு இதைவிட எவ்வளவோ குறைவு. கடைப் பெயரில் இல்லாத நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். பழைய பாகங்களைக் கையில் வாங்கிய பிறகுதான் மீதிப் பணம். கழற்றும் முன் பம்ப், பிஸ்டன் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், ஆணியால் ஒரு கீறல் போட்டு வையுங்கள். வண்டியை விடும்போது துணி, மருந்து, லேப்டாப், பத்திரம் எல்லாவற்றையும் முதல் நாளே வெளியே எடுத்துவிடுங்கள், ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கோ லாட்ஜுக்கோ போய்விடுங்கள், போக இடமில்லை என்பதை மட்டும் மெக்கானிக்கிடம் காட்டிக்கொள்ளாதீர்கள். முள் பாதியைத் தாண்டினால் அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

அந்தப் பக்கம் வண்டி நின்று இதே மாதிரி அனுபவம் யாருக்காவது இருந்தால் தனியாகச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம். பெரியவர் புதுப் பம்ப் வந்துவிட்டது என்கிறார், அட்டைப் பெட்டியைப் பிரிக்கும் முன் நான் வந்து பார்க்க வேண்டுமாம். போகிறேன்.