சுரங்க மாவட்டங்களைப் புரிந்துகொள்ள நிதி ஆயோக்கின் வறுமைக் குறியீடு: 5-க்கு 4

2023 ஜூலையில் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் வெளியிட்ட தேசியப் பல்பரிமாண வறுமைக் குறியீட்டு அறிக்கையைத்தான் சொல்கிறேன், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் மாதிரி பூமிக்கடியில் செல்வம் கிடக்கிற பகுதிகளில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள முதலில் இதை எடுங்கள். ஏனென்றால் இதில் வருமானக் கணக்கே கிடையாது.

மனித மேம்பாட்டுக் குறியீட்டில் ஆயுள், படிப்போடு தலா வருமானமும் சேரும். சுரங்க மாவட்டத்துக்கு உற்பத்தியை வைத்து அதைப் போட்டால், வெட்டிய நிலக்கரியும் இரும்புத் தாதும் அந்த மாவட்டத்தின் கணக்கில் ஏறிவிடும், லாபம் வேறு ஊருக்குப் போய்விடும், பக்கத்துக் கிராமத்துக்காரர் காகிதத்தில் மட்டும் பணக்காரர் ஆவார். இந்த அறிக்கை வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது: சத்து, பள்ளி, கழிப்பறை, குடிநீர் என 12 விஷயங்கள். ஜார்க்கண்டில் 2015-16இல் சுமார் 42 சதவீதம் பேர் ஏழைகள், 2019-21இல் 28.81. நல்ல இறக்கம்தான், ஆனால் நாட்டின் சராசரி 14.96. பீகார் மட்டும்தான் இன்னும் மோசம்.

என்னை உலுக்கியது சமையல் எரிபொருள் பகுதி. விறகு, வறட்டியோடு நிலக்கரியில் சமைத்தாலும் அது குறைபாடு என்றே பதிவாகிறது. சரியான முடிவு. நாட்டுக்கே கரி கொடுக்கிற ஊரில், சுரங்க ஓரம் பொறுக்கிய கரியில் அடுப்பு மூட்டி அந்தப் புகையில் நிற்கிற பெண்ணை ஒரு குறியீடு கணக்கில் எடுக்கிறதே!

குறையும் உண்டு. மாவட்டத்துக்கு ஒரே எண். ஜார்க்கண்டின் நிலக்கரி மாவட்டமான தன்பாத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸும், 1916 முதல் நிலத்தடியில் நெருப்பு எரியும் ஜரியாவின் குடிசைகளும் ஒரே சராசரியில் கரைந்துபோகின்றன. தூசி, நிலம் உள்வாங்குதல், சுரங்கத்துக்காக நிலத்தை இழந்தது, எதற்கும் கட்டம் இல்லை. ஒரு நட்சத்திரம் குறைத்தது இதற்காகத்தான்.

அப்புறம், 2015 சுரங்கச் சட்டத் திருத்தத்தில் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளைப் பணம் (சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காகச் சுரங்க நிறுவனங்கள் கட்டும் நிதி) என்ன செய்தது என்று பார்க்க விரும்புபவர்கள் இரண்டு காலகட்டங்களின் மாவட்ட அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குறைந்ததெல்லாம் அந்தப் பணத்தால்தான் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள், காஸ் இணைப்பும் கழிப்பறைத் திட்டமும் அதே ஆண்டுகளில்தான் நாடு முழுக்கப் போயின. ஒப்பிட்டுப் பார்க்க, சுரங்கமே இல்லாத பக்கத்து மாவட்டம் ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.