மாஞ்சோலை மலை ரோடும் பஸ் டிரைவர் அண்ணாச்சியும்

டொராண்டோவிலிருந்து ஊருக்கு வந்தால் குற்றாலம், பாபநாசம் என்று சுற்றிவிட்டுத் திரும்புவதுதான் எங்கள் வழக்கம். இந்தத் தடவை அம்மாவையும் தம்பி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மணிமுத்தாறுக்கு மேலே மலையில் இருக்கிற தேயிலைத் தோட்ட ஊரான மாஞ்சோலைக்கு அரசு பஸ்ஸிலேயே போனோம். காரில் போகத்தான் முதலில் ஏற்பாடு. தனி வண்டி என்றால் அம்பாசமுத்திரத்தில் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், "எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று முன்பணம் வாங்கிய வாடகைக் கார்க்காரர் கடைசி நாள் வரை அதை வாங்கவே இல்லை. கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்த மாதிரி ஆட்களிடம் அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பஸ் கல்லிடைக்குறிச்சி தாண்டி மணிமுத்தாறு அணை வரைக்கும் சாதாரணமாகத்தான் போகிறது. செக்போஸ்ட் தாண்டியதும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக் காடு, அதற்குள்ளேதான் ஏற்றம். ரோடு பல இடங்களில் ஒரு வண்டி போகிற அகலம்தான், தார் பெயர்ந்து ஜல்லி கிடக்கிறது, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், அந்தப் பள்ளத்துக்கும் நமக்கும் நடுவில் முக்கால்வாசி இடத்தில் தடுப்புச் சுவர் என்று ஒன்றும் இல்லை.

வளைவுகளில் சிலவற்றை பஸ் ஒரே மூச்சில் திரும்பாது. பாறையை முட்டுகிற அளவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்து, ஒடித்துத் திருப்ப வேண்டும். கண்டக்டர் கீழே இறங்கிப் பின்னால் நின்று பாடியைத் தட்டிக்கொண்டே "வா, வா, இன்னும் வா, ஹோல்டான்" என்று குரல் கொடுக்கிறார். நாங்கள் கடைசி சீட். பின் சக்கரத்துக்கு அப்பாலும் பஸ் நீண்டிருக்கும் இல்லையா, சக்கரம் ரோட்டு ஓரத்தில் நிற்கும்போது நாங்கள் உட்கார்ந்திருந்த பகுதி பள்ளத்துக்கு மேலே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரோடே தெரியவில்லை, மர உச்சிகள்தான் தெரிந்தன. அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார், சின்னவன் வாந்தி எடுத்துவிட்டான். பக்கத்து சீட்டில் மடியில் காய்கறிப் பையோடு இருந்த ஆச்சி, "இதுக்கே இப்படின்னா ஊத்துக்குப் போறதுக்குள்ள என்ன செய்வீய தாயி?" என்று சொல்லி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். ஊத்து என்பது மாஞ்சோலைக்கும் மேலே இருக்கிற தோட்ட ஊர்.

மேலே டீக்கடையில் வண்டி நின்றபோது டிரைவர் அண்ணாச்சியிடம் பேசினேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு என்றார். ஏறின கியரிலேயேதான் இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும், எதிரே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும். இறங்கும்போது கவனித்தேன், சொன்னபடியே என்ஜின் இழுவையிலேயே பஸ்ஸைப் பிடித்து, மழையில் நனைந்த ரோட்டில் ஒரு தடவைகூடச் சறுக்காமல் கொண்டுவந்து சேர்த்தார். இந்த மாதிரி வண்டி ஓட்டுகிறவரை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை.

நமக்கு இது ஒருநாள் பயம். மேலே இருக்கிறவர்களுக்கு இந்த பஸ்தான் ஆஸ்பத்திரி, ரேஷன், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் வழி. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து ஒரு தனியார் கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம் அது. 2024-இல் தொழிலாளிகளை விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள், நிறையக் குடும்பங்கள் கீழே இறங்கிவிட்டன. ஆள் குறைந்துவிட்டது என்று பஸ்ஸைக் குறைத்துவிடுவார்களோ என்பதுதான் அந்த ஆச்சியின் கவலை, எனக்கும் அதே கவலைதான். நாலுமுக்கு, ஊத்து பக்கமெல்லாம் தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை பெய்கிற இடங்கள், ஐப்பசி கார்த்திகையில் அந்த ரோடு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காட்டுக்குள் ரோட்டை அகலப்படுத்தச் சொல்லவில்லை. பள்ளத்துப் பக்கம் சுவர், வளைவுகளில் கண்ணாடி, பெயர்ந்த இடத்தில் தார், இவ்வளவுதான் கேட்கிறோம்.

போகிறவர்களுக்கு: முன்பக்கமாக உட்காருங்கள், வெறும் வயிற்றில் ஏறாதீர்கள், வாந்தி மாத்திரையைக் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால் பஸ்ஸில் போனாலும் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், திரும்புகிற பஸ் நேரத்தை ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், முன்னேற்பாடு இல்லாமல் மேலே தங்க முடியாது.